மொறுமொறுக்காத ஸ்கோன்

நாவல் எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று ஓர் ஐதிகம் உண்டு. அதை வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருவன். நகரியில் இண்டர்மீடியட் வரையில்தான் படித்தேன். அந்த இரண்டு வருஷமும் பாடப் புத்தகத்தைவிட இங்கிலீஷ் நாவல்களைத்தான் அதிகம் புரட்டினேன். அவற்றில் யாராவது ஸ்கோன் தின்றுகொண்டே இருப்பார்கள். அது ஸ்கோனா, ஸ்கானா என்று வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே இன்னும் வழக்குத் தீரவில்லை. எனக்கென்ன? என் நாவலில் குன்னூர்த் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றைக் கட்டினேன். சமையல்காரியின் மகளுக்குத் துரைசாணி தன் கையாலேயே எலுமிச்சை மணக்கும் ஸ்கோன் கொடுப்பதாகவும், அவள் அதை மொறுமொறுவென்று கடிப்பதாகவும் எழுதிவிட்டேன்.

ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாள்.

“ஸ்கோன் மொறுமொறுக்காது, ஐயா. என் தாயார் அப்படி ஒரு பங்களாவில் சமையல்கட்டு வேலை பார்த்தார். மீந்ததை ராத்திரி முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்று ஆசையாகப் படித்துவந்தேன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.”

நாவல் மோசம் என்று எழுதியிருந்தால், ரசனை போதாது என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மூடிவிட்டேன் என்கிறவருக்கு என்ன சமாதானம் சொல்வது? இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தது. செய்து தின்றே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கே.ஜி.கண்டிகையில் சித்திரை மாதத்தில் இந்தக் காரியத்தைத் தொடங்கினவனைப் புத்திசாலி என்று சொல்ல முடியாது. குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்க்க வேண்டும். அது அடுப்புச் சூட்டில்தான் உருக வேண்டும். வெண்ணெயோ 35 டிகிரிக்குள் உருகிவிடுகிற சரக்கு. எங்கள் திருத்தணி வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரி சர்வ சாதாரணம். பாத்திரத்தில் போட்ட வெண்ணெய் நான் கை கழுவி வருவதற்குள் இளகிவிட்டது. போதாக்குறைக்குச் சப்பாத்தி மாவைப்போல அடித்துப் பிசைந்தேன். பிசையப் பிசைய மைதா இழுவையாகும், பிறகு வெந்தாலும் இளகாது என்பது அப்புறம் தெரிந்தது.

“இன்னாடா இது, ஆணி அடிக்கவா?” என்றாள் அம்மா.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தேன். கால் கிலோ மைதா, 60 கிராம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, அரை டீஸ்பூன் ஆப்பசோடா. சோடாவோடு புளிப்புச் சேர்ந்தால்தான் வாயு கிளம்பி மாவைத் தூக்கும். அதற்குப் புளித்த மோர். எலுமிச்சைச் சாறு புளிக்குமே ஒழிய அவ்வளவாக மணக்காது. மணமெல்லாம் தோலில் இருக்கும் எண்ணெயில். அப்படியானால் கொல்லையில் நார்த்தை மரம் இருக்கிறதே! எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது நார்த்தங்காய், மீதிப் பேருக்குத் தப்பகாய். 1960-இல் எல்லையைத் திருத்தித் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தில் சேர்த்தார்கள். காய்க்கு இரண்டு பெயரும் அப்படியே நின்றுவிட்டன.

“ஜுரக்காரன் கஞ்சிக்குத் தொட்டுக்கிற காயை மாவுல துருவுறியேடா!” என்று அம்மா அங்கலாய்த்தாள். மேல்தோலை மட்டும் துருவினேன். உள்ளே வெள்ளை பட்டால் கசக்கும்.

குக்கரின் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிக் காயவைத்து, தட்டோடு உள்ளே இறக்கினேன். அடி சிவந்தது, மேல் வெளுத்தே கிடந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டாள். எனக்கு வருத்தந்தான். ஆனால் ஸ்காட்லாந்தில் ஆதியில் ஸ்கோன் சுட்டதே தட்டையான இரும்புக் கல்லில்தானாம். 1513-இல் கவின் டக்ளஸ் என்ற கவிஞர் வர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்தபோதே அந்தச் சொல் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். “பின்னே?” என்றாள்.

கையால் பிட்டதும் ஸ்கோன் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஆவியும் நார்த்தை வாசனையும். அம்மா வெல்லம் தொட்டுக்கொண்டு இரண்டு தின்றாள். நான் வெற்றிப் பெருமிதத்தோடு பிரதியை எடுத்து, ‘மொறுமொறுவென்று’ என்பதை அடித்து, ‘மெத்தென்று’ என்று எழுதினேன்.

சாயங்காலம் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் கடிதத்தை ஒழுங்காகப் படித்தேன். மீந்ததை ராத்திரி கொண்டுவருவார் என்றல்லவா இருக்கிறது? அந்தக் குழந்தை சூடான ஸ்கோனைக் கண்டதே இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு, தட்டில் மீந்திருந்த ஒன்றைக் கடித்தேன். வறண்டு, இறுகி, தொண்டையை அடைத்தது. வாசனை மட்டும் போகவில்லை.

“காலையில சுடச்சுட வச்சிருந்தேனே, இப்ப எதுக்குடா ஆறினதைத் தின்னுறே?” என்றாள் அம்மா.

‘மெத்தென்று’ என்பதையும் அடித்தேன். துரைசாணி கையால் கொடுத்ததையும் அடித்தேன். அந்த இடத்தில் ராத்திரி வேலை முடிந்து வரும் ஒரு தாயார் இருக்க வேண்டும். ஆனால் அந்த முந்தானை என்னுடையது அல்லவே! அதை எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மாளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை அச்சு வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பதால் பதிப்பாளர் என்னோடு பேசுவதில்லை.