படம் பொது, பெயர் தனி

திருத்தணிப் பக்கத்து ஆர்.கே.பேட்டை அளவுள்ள ஊரில் ஒரு உரக்கடையோ அடகுக்கடையோ மளிகைக்கடையோ விளம்பரத்துக்கென்று எடுத்துவைக்கும் பணத்தில் பெரும்பங்கு தினசரி காலண்டருக்குப் போகிறது. மேலே சாமி படம், கீழே கிழிக்கும் சீட்டுக் கட்டு, இரண்டுக்கும் நடுவே கடையின் பெயரும் தெருவும் செல் நம்பரும். இந்த மூன்றில் கடைக்காரருக்கென்று புதிதாகச் செய்யப்படுவது நடுவிலுள்ள பட்டை மட்டுமே. படம் நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பொது. சீட்டுக் கட்டு அதைவிடப் பொது. சிறு வியாபாரியின் கைக்கு நாலு வண்ணப் படம் எட்டுவதே இந்தப் பொதுமையால்தான்.

ஆஃப்செட் அச்சில் செலவின் கனமெல்லாம் தொடக்கத்தில் இருக்கிறது. ஓவியம் வாங்க வேண்டும், நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும், வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள்களை வீணடித்து இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்கெல்லாம் 30,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், 300 காலண்டர் கேட்கும் கடைக்கு அட்டைக்கு 100 ரூபாய் அதிலேயே போய்விடும். தாளும் அட்டையும் அதற்குமேல். அதே படம் 30,000 அட்டையில் ஏறினால் அந்தப் பங்கு 1 ரூபாயாக இறங்குகிறது. சிவகாசி அச்சகங்கள் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன.

சிவகாசி அச்சுத் தொழிலின் வேர் தீப்பெட்டியில் இருக்கிறது. 1922இல் அந்த ஊரின் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் தேவைப்பட்டது; லேபிள் அச்சடித்துப் பழகிய ஊர் பிறகு காலண்டருக்கு வந்தது. கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி போன்ற படங்கள் திரும்பத் திரும்ப அச்சாகி எத்தனையோ கடைகளின் பெயரைத் தாங்கி வீடுகளுக்குள் நுழைந்தன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர் கொண்டையராஜு. திரைச்சீலையில் பழகிய கை என்பதை அந்தப் படங்களின் மண்டபங்களிலும் மேகங்களிலும் இன்றும் பார்க்கலாம். ஓவியருக்குப் பொதுவாகப் படத்துக்கு ஒருமுறைதான் பணம். மறுஅச்சின் லாபம் அவரைத் தேடிப் போவதில்லை. மலிவான விளம்பரத்தின் முதல் கடன் இங்கே நிற்கிறது, அது தீர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் ஆடி 18 அன்று வெளியாகிறது. எண் போட்ட மாதிரிப் படங்கள் அடங்கிய அந்தக் கனத்த புத்தகத்தை ஏஜென்ட்கள் ஊர் ஊராகச் சுமந்து செல்கிறார்கள். சிற்றூர்களில் பெரும்பாலும் உள்ளூர் அச்சகக்காரரே ஏஜென்ட்டாகவும் இருக்கிறார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் படத் தேர்வை மலைகள் தீர்மானிக்கின்றன: திருத்தணி முருகன், சோளிங்கர் நரசிம்மர், மாநில எல்லைக்கு அப்பால் திருப்பதிப் பெருமாள். அடகுக்கடைகளுக்கு லட்சுமி. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் திருத்தணி ஏறும் அதே மாதத்தில் ஆல்பமும் வருவதால் முருகன் படங்களுக்கு எண் குறிப்பது முந்திக்கொள்கிறது.

மொழியும் ஒரு தேர்வு. திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் நெசவுக் குடும்பங்கள் இங்கே நிறைய. சிவகாசி இரண்டு மொழியிலும் சீட்டுக் கட்டு தருகிறது. அட்டை மாறாமல் கட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சீட்டுக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ராகுகாலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம், நட்சத்திரம், விரத நாள் எல்லாம் ஒருமுறை கணித்துக் கோர்க்கப்பட்டு லட்சக்கணக்கான கட்டுகளில் போகின்றன. காலண்டர் சுவரில் ஆண்டு முழுவதும் நிற்பதற்குக் காரணம் கடையின் பெயரல்ல, இந்தத் தகவல்தான். விளம்பர நோட்டீஸ் வாசலிலேயே கசங்கிவிடுகிறது. காலண்டரை வீட்டார் தினமும் காலையில் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். தாள்களை நாள் வரிசை தவறாமல் அடுக்கி, தட்டி, தைத்து, அட்டையில் பொருத்தும் வேலையில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். ஒரு தாள் இடம் மாறினால் ஒரு வீட்டில் ஒரு நல்ல நேரம் தப்பிப்போகும்.

நடுப்பட்டையில் அடிக்கும் வாசகத்தை அச்சகங்களில் எல்லோரும் ‘மேட்டர்’ என்கிறார்கள். பெரிய ஆர்டருக்குச் சிவகாசியிலேயே மேட்டர் அடித்து லாரி பார்சலில் அனுப்புகிறார்கள். நூறு, இருநூறு என்று கேட்கும் கடைக்கு வெற்றுப் பட்டையோடு அட்டையை வரவழைத்து உள்ளூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதும் உண்டு. அந்த வேலையை நேரில் பார்த்தால் மறுபயன் என்பது எங்கே விளைகிறது என்று புரியும். மரச்சட்டத்தில் இறுக்கிய வலைத்துணி. அதன்மேல் மருந்து பூசி, மேட்டரின் பாசிடிவை வைத்து வெளிச்சம் காட்டி, தண்ணீர் அடித்தால் எழுத்து மட்டும் திறந்துகொள்ளும். மேசையில் இரண்டு அட்டைத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. காலண்டரின் மூலையை அவற்றில் முட்டவைத்தால் எழுத்து பட்டையைவிட்டு நகராது. சட்டத்தை இறக்கி, ரப்பர் பட்டையால் மையை ஒரே இழுப்பு. ஒருவர் இழுக்க, இன்னொருவர் விளிம்பைப் பிடித்து எடுத்துக் காயவைக்கிறார். இழுப்பில் கை நடுவழியில் தயங்கினால் அந்த இடத்தில் எழுத்து தடித்துவிடும்.

வேலை முடிந்ததும் நடப்பதுதான் முக்கியம். மை உலரும் முன் தின்னர் தோய்த்த துணியால் வலையைத் துடைக்க வேண்டும். விட்டால் வலையின் கண்கள் அடைத்துக்கொள்ளும், சட்டம் அடுத்த ஆண்டுக்கு உதவாது. நன்றாகத் துடைத்த சட்டத்தின் மரத்தில் கடையின் பெயரைப் பேனாவால் எழுதிச் சுவரோரம் நிறுத்திவைக்கிறார்கள். அடுத்த மார்கழியில் அதே கடை வரும்போது புதுச் சட்டத்தின் செலவு இல்லை. இந்தச் சிக்கனம் கடைக்காரரின் கணக்கில் ஏறுகிறது. அதை உண்டாக்கியது தின்னர் வாடையில் குனிந்து துடைத்தவரின் கை. கூலியில் அதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. கிடைக்க வேண்டும் என்றே இந்த வேலையைப் பார்த்தவர் எவருக்கும் தோன்றும்.

அதே பாசிடிவ் துணிப்பைக்கும் உதவும், சட்டம் உதவாது. துணிக்கு மை கெட்டியாகப் போக வேண்டியிருப்பதால் வலையின் கண் பெரிதாக இருக்க வேண்டும், மையும் வேறு. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிக்கடைகளும் கல்யாண வீடுகளும் முன்பே கொடுத்துவந்த மஞ்சப்பைக்கு இதனால் மறுபடி மதிப்பு வந்தது. காலண்டர் ஒரு வீட்டின் சுவரோடு நிற்கும், பை சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போகும். செலவைப் பார்த்துச் செய்யும் கடைக்காரர் ஒரே மேட்டரை இரண்டிலும் போடுகிறார்.

இப்போது மேட்டர் சட்டத்தில் மட்டுமல்ல, அச்சகத்தின் கம்ப்யூட்டரிலும் கோரல்டிரா ஃபைலாக இருக்கிறது. பில் புக், விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ், பொங்கல் வாழ்த்தாக வாட்ஸ்ஆப்பில் போகும் படம் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. இங்கே தமிழுக்கென்று ஒரு தடை உண்டு. பல அச்சகங்களில் மேட்டர் பழைய குறியேற்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் குப்பையாகச் சிதறும். அதற்குப் பயந்து எழுத்தை ‘கர்வ்’ ஆக்கி அனுப்புகிறார்கள். அது வெறும் வடிவமாகிவிடுவதால் செல் நம்பர் மாறினால் அந்த வரியைப் புதிதாக அடிக்க வேண்டும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் அச்சக மேசையில் பழைய எழுத்துருக்களின் அழகுக்கு இன்னும் இடம் இருக்கிறது. கர்வ் ஆக்காத மூல ஃபைலையும் கேட்டு வாங்கிவைப்பது கடைக்காரருக்கு நல்லது. சிறு ஊரில் அச்சகம் மூடினால் பத்து வருட மேட்டரும் அதோடு போய்விடும்.

மறுபடி பயன்படாதது சீட்டுக் கட்டு மட்டும். பொங்கல் தாண்டி மிஞ்சிய காலண்டரை யாருக்கும் கொடுக்க முடியாது, ஆகவே சிக்கனத்தின் பெரும்பகுதி எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. கடன் நோட்டையும் வாடிக்கைக்காரர் பெயர்களையும் பார்த்து ஆர்டர் சொல்பவர்களுக்கு மிச்சம் விழுவதில்லை. மிஞ்சிய அட்டையில் கட்டைப் பிரித்துவிட்டுப் படத்தை ஃபிரேம் போடக் கொடுக்கிறார்கள். வீடுகளிலும் தறிக்கூடங்களிலும் தாள் தீர்ந்த அட்டைகள் அப்படியே தொங்குகின்றன, ஏனென்றால் சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை. கடையின் பெயரும் செல் நம்பரும் அந்தப் படத்தோடு இன்னும் சில ஆண்டுகள் சுவரில் இருக்கும். நம்பர் மாறாத கடைக்கு அதனால் பலன் உண்டு.