பட்டியலில் இல்லாத தீவு

உல்லாசக் கப்பலில் வருவோருக்குப் பினாங்கைப் போல் வசதியான துறைமுகம் அரிது. சுவெட்டன்ஹம் துறைமேடையில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே ஜார்ஜ் டவுன் நகரின் நடுவிற்கு வந்துவிடலாம். அருகே 60 அடி உயர மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா அரசியாரின் ஆட்சி 60 ஆண்டுகள் நிறைவெய்தியதைப் போற்ற, ஆண்டுக்கு ஓர் அடியாக எழுப்பப்பட்டது அது. கப்பல் பயணிகள் இறங்கியதும் கடிகாரத்தைக் காண்பது பொருத்தமே. அவர்கள் கையில் இருப்பது ஒரு பகற்பொழுது மட்டுந்தானே!

சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஒன்று ஒருநாள் காலை 8 மணிக்கு அங்கே அணைந்தது. மாலை 4 மணிக்குள் பயணிகள் யாவரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். 5 மணிக்குக் கப்பல் புறப்படும். இறங்கியவர்களுள் ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி, அவருடைய மகன், மருமகள், பதின்மூன்று வயதுப் பேரன் என நால்வர்.

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஏறினால் கவலையில்லை; பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். ஆனால், காட்டியதைத்தான் காண வேண்டும். தனி மகிழுந்து அமர்த்திக்கொண்டால் விரும்பிய இடத்திற்குச் செல்லலாம். காலந்தவறினால் கப்பல் காத்திராது. மகன் இரண்டையும் எண்ணிப் பார்த்துத் தனி வண்டியையே தேர்ந்தார். சட்டைப் பையில் பத்து இடங்களின் பட்டியல் இருந்தது. கார்ன்வாலிஸ் கோட்டை, கெக் லோக் சி பௌத்தக் கோயில், பினாங்கு மலை, தண்ணீர்மலை முருகன் கோயில், பாம்புக் கோயில், பத்து பெரிங்கிக் கடற்கரை, சுவரோவியங்கள் என அது நீண்டது.

வண்டியோட்டியவர் அறுபது வயதைக் கடந்த உள்ளூர்த் தமிழர். பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"ஐயா, இந்தப் பத்து இடங்களையும் காட்டிவிடலாம். ஆனால், வண்டியை விட்டு இறங்க நேரம் இராது. சம்மதமா?" என்றார்.

மகன் சிரித்தார். உண்மை புரிந்தது. பினாங்கு மலைக்கு 1923-ஆம் ஆண்டு முதல் இழுவை இரயில் உண்டு. விடுமுறை நாளில் அதில் ஏறக் காத்திருப்பதற்கே நெடுநேரமாகும். தண்ணீர்மலைக்கு 513 படிகள். மூதாட்டியின் முழங்கால்கள் அதற்கு உடன்படா. எதை விடுவது, எதைக் கொள்வது என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி தணிந்த குரலில் கேட்டார்:

"தம்பி, ஜெரெஜாக் தீவைக் கரையிலிருந்து பார்க்க முடியுமா?"

"அங்கே என்னம்மா இருக்கிறது? வெறுங்காடு" என்றார் மகன். சிங்கப்பூரில் புறப்படும் முன்பே அவர் கேட்டதுதான். அப்போதும் இதே விடைதான் கிடைத்தது.

வண்டியோட்டி திரும்பி மூதாட்டியின் முகத்தைப் பார்த்தார். "அங்கே உங்களுக்கு யார் அம்மா இருந்தார்கள்?" என்று கேட்டார்.

என்ன இருக்கிறது என்று மகன் கேட்டார். யார் இருந்தார்கள் என்று அயலார் கேட்டார். மூதாட்டி உடனே விடை சொல்லவில்லை. வண்டி தெற்கு நோக்கிப் புறப்பட்டது.

தொலைவான இடத்தை முதலில் பார்த்துவிட்டுத் துறைமுகத்திற்கு அருகிலுள்ளவற்றைக் கடைசிக்கு வைப்பது அந்த வண்டியோட்டியின் வழக்கம். மழை பெய்தாலும், சாலை நெரிசலால் அடைத்தாலும் கப்பலைத் தவறவிட நேராது. கடலோர நெடுஞ்சாலையில் சென்று, 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்து, கரையோரத்தில் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினார். எதிரே நீரிடைப் பசுங்குன்றாகக் கிடந்தது ஜெரெஜாக். கட்டடம் எதுவும் அங்கிருந்து தெளிவாகத் தெரியவில்லை. சிறு படகொன்று இடையே ஓடிற்று.

கப்பல் வழியே மலாயா வந்த தமிழர்களின் வரலாற்றில் அத்தீவுக்கு ஓர் இடமுண்டு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களைச் சுமந்து வந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நீக்கப்பட்ட பின்னும் கங்காணிகள் வழியே தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும் வரை அந்த வரவு ஓயவில்லை. மேல்தளத்தில் வெயிலிலும் காற்றிலும் கிடந்து வந்தவர்களை நேரே ஊருக்குள் விடுவதில்லை. அம்மையும் வாந்திபேதியும் பரவக்கூடும் என்று அஞ்சி, அத்தீவின் முகாமில் சில நாள் தடுத்து வைத்தே தோட்டங்களுக்கு அனுப்பினர். பிற்காலத்தில் அதே தீவில் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை இருந்தது. இன்று காடு பலவற்றை மூடிவிட்டது.

மூதாட்டி கண்களை அகற்றாமலே பேசினார். "என் அம்மா 1936-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இடுப்பில் ஆண் குழந்தை. கப்பலிலேயே குழந்தைக்குக் காய்ச்சல். இந்தத் தீவில் இறக்கினார்கள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அம்மா வெறுங்கையோடுதான் தோட்டத்துக்குப் போனார். நான் அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்துப் பிறந்தவள். என் அண்ணன் பெயரை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்."

மகன் பேச்சற்று நின்றார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்த தாயின் வாழ்வில் தாம் அறியாத தீவொன்று இருந்ததை அவர் அன்றுதான் கண்டார். பேரன் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, "பாட்டி, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

"யாரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார் மூதாட்டி.

வண்டியோட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, தீவிலிருந்து விடுபட்டு வந்தவர்களில் பலர் குயின் வீதி மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள் என்று என் பாட்டனார் சொல்வார். நண்பகலில் நடை சாத்துமுன் போய்விடலாமா?" என்றார். பட்டியலில் அக்கோயிலும் இல்லை. மகனோ பட்டியலை வெளியே எடுக்கவேயில்லை.

திரும்பும் வழியில் மழை கொட்டியது. பாலத்தருகே வண்டிகள் நகராமல் நின்றன. கோயிலை அடைந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. 1833-இல் நிறுவப்பட்ட அக்கோயிலின் கோபுரத்தின்கீழ் மூதாட்டி ஒரு கணம் நின்றார். அர்ச்சனைத் தட்டைப் பெற்றுக்கொண்ட குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பெயர் தெரியாது" என்றார் மூதாட்டி.

குருக்கள் வியக்கவில்லை. "அப்படியானால் அம்பாள் பெயருக்கே செய்துவிடுகிறேன், அம்மா" என்று கூறி உள்ளே சென்றார். மணியோசை கேட்டபோது மருமகள் மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டார்.

பிறகு பசித்தது. தமிழ் முஸ்லிம் கடையொன்றில் நாசி கண்டார் உண்டனர். முற்காலத்தில் தோள்தண்டின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர் அது என்று வண்டியோட்டி விளக்கினார். மழை விட்டதும் நடந்தனர். இந்திய முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், ஊதுவத்திப் புகை சூழ்ந்த சீனர்களின் குவான் யின் கோயிலையும் கண்டனர். 1818-இல் எழுப்பப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் அருகிலேயே இருந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் அதன் சுவர்களில் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2008-இல் இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமையாக அறிவித்தது. கடந்து வந்த கட்டடம் ஒவ்வொன்றின் முன்னும், "இதைக் கட்டியவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்?" என்று பேரன் கேட்டான். காலையில் அவனிடம் அக்கேள்வி இல்லை.

ஆசிரியர் மேசையிலும் இத்தகைய பட்டியல் உண்டு. ஆண்டு முடிவதற்குள் முடித்தாக வேண்டிய பாடங்கள் அதில் வரிசையாக நிற்கும். முடிப்பது கடமையே, அதைத் தள்ளிவிட இயலாது. ஆயினும், எங்கோ ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, "அங்கே உனக்கு யார் இருந்தார்கள்?" என்று கேட்காத வரையில், மாணவன் ஊர்களைக் கடப்பானேயன்றி ஊரைக் காணமாட்டான். வண்டியோட்டி பட்டியலைப் பழிக்கவில்லை, கடிகாரத்தையும் மறக்கவில்லை. ஒரு முதியவளின் தணிந்த குரலுக்குச் செவிசாய்த்தார். நல்லாசிரியர் செய்வதும் அதுவன்றோ!

மூன்றரை மணிக்கு அவர்கள் துறைமேடையை அடைந்தனர். மகன் பேசிய கூலிக்கு மேல் கொடுத்ததை வண்டியோட்டி வாங்க மறுத்தார். "இன்று ஓடிய தூரம் குறைவு, ஐயா" என்றார்.

கப்பல் புறப்பட்டபோது நால்வரும் மேல்தளத்தில் நின்றனர். ஜெரெஜாக் தெற்கே இருந்தது; கப்பலோ வடக்கு நோக்கிச் சென்றது. தீவு கண்ணுக்குப் புலப்படவில்லை. பேரன் தந்தையின் சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்தான். பத்து இடங்களில் ஒன்றேனும் அன்று காணப்படவில்லை. பதினோராவது வரியாக அவன் தமிழில் எழுதினான்: "ஜெரெஜாக் - பாட்டியின் அண்ணன் இருக்கும் இடம்."