மூணாவது பாட்டு யாருக்கு?

உங்களுக்குப் பிடிச்ச இருபது பாட்டை எழுதச் சொன்னா ரெண்டு நிமிஷத்துல எழுதிடுவீங்க. அதையே மேடையில வாசிக்கிற வரிசைப்படி எழுதச் சொன்னா? நான் எழுதினேன். அப்பாகிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்!

நான் வேலூர்ல மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சொந்த ஊர் ஆம்பூர். அப்பாவுக்குப் பகல்ல ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். சாயங்காலம் ஆனா மெல்லிசைக் குழுவுல கீபோர்டு. 1998-ல நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச குழு அது. அதுல பாய் மாமாதான் ஹீரோ. தபேலாவும் அவரே, பாட்டும் அவரே. போன வருஷம் திடீர்னு தவறிட்டார். அதுக்கப்புறம் அப்பா கீபோர்டு உறையைக்கூடப் பிரிக்கலை.

இந்தப் பொங்கலுக்கு எங்க தெருக்காரங்க வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ரொம்ப நேரம் பேசாம இருந்த அப்பா, கடைசியில தலையாட்டினார். என்கிட்ட, “நீ இன்ஜினீயர்தானே, லிஸ்ட் போட்டுக் குடு” என்றார்.

கம்ப்யூட்டர்ல எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, ஹிட்டான பாட்டா இருபத்திநாலு அடுக்கினேன். முதல் ஆறும் குத்துப் பாட்டு. அப்பா பார்த்தார்.

“ஜனம் மூச்சு விட வேணாமாடா? அது இருக்கட்டும், தபேலா கட்டை பார்த்தியா?”

எனக்கு விளங்கலை. கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டினா சுருதி மாறிடும். தபேலா அப்படியில்லை. சுத்தியலால தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கணும், இல்லேன்னா வேற தபேலாவை எடுத்து வைக்கணும். அதனால ஒரே கட்டையில வர்ற பாட்டுகளைப் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்களாம். பாடகருக்கு ரெண்டு உச்சஸ்தாயிப் பாட்டை அடுத்தடுத்துக் கொடுக்கக் கூடாது, தொண்டை போயிடும். ஒன்பது மணிக்குள்ள அம்மாக்கள் குழந்தைகளைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க, அதனால வாண்டுகளுக்கான பாட்டெல்லாம் முன்னாடியே வந்தாகணும். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ம் வருஷமே விதி வந்தாச்சு. அதனால பெரிய பாட்டை ஒன்பதே முக்காலுக்கு முன்னாடி முடிச்சாகணும்.

இதெல்லாம் புதுசில்லை பாஸ்! கர்நாடகக் கச்சேரிக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன நூற்றாண்டுலயே வரிசை வகுத்துட்டார். வர்ணத்துல சூடு பிடிச்சு, நடுவுல கனமான பாட்டும் தனி ஆவர்த்தனமும் வந்து, துக்கடாக்கள்ல லேசாகி, மங்களத்துல முடியும். ஒரு பாட்டு தன் வேலையை மட்டும் பார்த்தாப் போதாது. அடுத்த பாட்டுக்கு இடமும் பண்ணிக் கொடுக்கணும்.

சரின்னு திருத்தி எழுத உட்கார்ந்தேன். எங்க குழுவுல முதல் மூணு பாட்டு எப்பவும் மாறாது. பிள்ளையாருக்கு ஒண்ணு, மாதாவுக்கு ஒண்ணு, மூணாவது நாகூர் ஹனீபா பாட்டு. ஆம்பூர் ஜனத்துக்கு மூணும் வேணும். முதல் ரெண்டு இடத்தையும் அப்பா மளமளன்னு நிரப்பினார். மூணாவதுல பேனா நின்னுடுச்சு. அது பாய் மாமா பாட்டு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இயர்போன்ல ‘இண்டியன் ஓஷன்’ கேட்டேன். ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் அறிமுகப்படுத்தின டெல்லி ராக் பேண்ட் அது. 1990-ல சுஷ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் ஆரம்பிச்சது. சுஷ்மித் கிடார். அஷீம் பாய் மாமா மாதிரியேதான், தபேலாவும் அவரே, குரலும் அவரே! 2000-ல வந்த ‘கந்தீசா’ ஆல்பத்துல தலைப்புப் பாட்டு, அரமேயிக் மொழியில இருக்கிற பழைய கிறிஸ்தவப் பிரார்த்தனை. அதே ஆல்பத்துல ‘மா ரேவா’ நர்மதை ஆத்தைப் பத்தின பாட்டு. மொழி வேற, சாமி வேற. ஆனாலும் கேட்டா ஒரே குடும்பம்னு தெரியும். அந்த பேஸ் கிடாரும் தபேலாவும் ரெண்டையும் ஒட்ட வைக்குது.

2009 டிசம்பர்ல அஷீம் காலமானார். குழு கலையலை. அடுத்த வருஷம் அவர் ஒருத்தர் இடத்துக்கு ரெண்டு பேர் வந்தாங்க. தபேலாவுக்கு துஹின் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2013-ல சுஷ்மித்தும் விலகிட்டார். ஆரம்பிச்ச ரெண்டு பேருமே இல்லாத மேடையிலயும் ‘கந்தீசா’ பாடினாங்க.

காலையில இதை அப்பாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, “ரெண்டு பேரா...” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் கம்பெனி ஸ்டிச்சிங் செக்‌ஷன் பையன் ஒருத்தன் வந்தான். மாமா வீட்டுல கேட்டு வாங்கின தபேலா அவன் கையில. “பாட்டுக்கு யாருப்பா?” என்றேன். “நான்தான்.” இத்தனை வருஷத்துல அப்பா மேடையில பாடி நான் பார்த்ததே இல்லை! மாமா அஞ்சு கட்டையில பாடினதை அப்பா ரெண்டரைக்கு இறக்கிக்கிட்டார்.

எனக்கு ஒரு ஐடியா. “இதைக் கடைசியில வைக்கலாம்ப்பா. கூட்டமே உருகிடும்.”

“வேணாம்டா. கடைசியில வெச்சா ஜனம் அழுதுட்டே வீட்டுக்குப் போகும். பண்டிகை நாள். மூணாவது அவன் இடம், அங்கேயே இருக்கட்டும். அதுக்கப்புறம் நாம வாசிச்சுத்தானே ஆகணும்?”

நான் போட்ட இருபத்திநாலுல அப்பா விட்டு வெச்சது ஒன்பது. ஆனா வரிசை எப்படிப் போடணும்னு அந்த ஒரு பதில்லதான் எனக்குப் புரிஞ்சது.

காணும் பொங்கல் அன்னிக்கு அப்பா மூணாவது பாட்டைப் பாடினார். ரெண்டாவது சரணத்துல குரல் லேசா உடைஞ்சது. அந்தப் பையன் நிறுத்தலை, தாளத்தைத் தாங்கிப் பிடிச்சான். முன்வரிசையில பாய் மாமா வீட்டு மாமி முக்காடு நுனியால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் அப்பா டிரம்ஸ் பக்கம் திரும்பித் தலையசைச்சார். நாலாவது பாட்டு குத்து. தெருவே ஆடுச்சு. மாமி மடியில இருந்த பேத்தியும் இறங்கி ஓடினா.

ஒன்பது அம்பதுக்கு ரெண்டு பாட்டு பாக்கி. அப்பா கண்ணாலயே ரெண்டையும் வெட்டினார். ரெண்டும் நான் ஆசை ஆசையா சேர்த்தது. அடுத்த தடவை முன்னாடி வைக்கிறேன், பாருங்க!