திண்ணை வீடும் திருக்கோயிலும்

தொண்டை நாட்டிலுள்ள பாடல் பெற்ற தலங்களுள் திருமுல்லைவாயிலும் ஒன்று. இது சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ளது. சோழநாட்டில் சீகாழிக்கு அருகே இதே பெயருடைய தலம் ஒன்று இருத்தலின், இதனை வட திருமுல்லைவாயில் என்று வழங்குவர். இறைவன் மாசிலாமணீசுவரர், இறைவி கொடியிடை நாயகி. சுந்தரர் வந்து பாடிய பெருமையுடையது இவ்வூர்.

இதன் தலவரலாறு கேட்கத் தக்கது. தொண்டைமான் குறும்பர்மேற் படையெடுத்து வந்தபோது, அவன் ஏறிய யானையின் கால்களை முல்லைக் கொடிகள் பின்னிக்கொண்டன. மன்னன் வாளை உருவிக் கொடிகளை வெட்டினான். வெட்டிய இடத்திற் குருதி பெருகிற்று. இறங்கி நோக்க, கொடிகளின் அடியில் சிவலிங்கம் ஒன்று வெட்டுண்டு நின்றது. துணுக்குற்ற மன்னன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தான், இறைவன் தடுத்தருளினான். பின்னர் மன்னன் அவ்விடத்திற் கோயில் எழுப்பினான். பகைவரது கோட்டையிலிருந்து கொணர்ந்தவை எனப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு இன்றும் அங்கே நிற்கின்றன. வெட்டுண்ட திருமேனிக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு உண்டு. சித்திரைத் திங்களில் ஒருமுறை பழைய காப்பைக் களைந்து புதிய காப்பு இடுவர்.

இக்கதையைப் பத்தியோடு சொல்வோர் பலர். இதன்கண் உலகியற் செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. மறைந்திருந்த பழம்பொருளை அறியாது வெட்டியவன் அரசன். அதனைக் காக்கும் பொறுப்பையும் அவனே ஏற்றான். கொடி படர்ந்த நிலம் யாருடையதோ, அவன் தலையில் அச்செலவைச் சுமத்தினான் என்று கதை சொல்லவில்லை.

அக்கோயிலுக்கு அணித்தான தெரு ஒன்றில் முதியவர் ஒருவர் வாழ்ந்து வந்தார். அவர் பாட்டனார் கட்டிய வீடு அது. தெருவை நோக்கிய இரு திண்ணைகள், கடைந்த மரத்தூண்கள், நடுவே முற்றம், மேலே நாட்டு ஓடு. இருபுறமும் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டமையால், நடுவில் இது குட்டையாய்க் குனிந்து நிற்பதுபோலத் தோன்றும். கைமரங்களிற் கறையான் ஏறியிருந்தது. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. இடித்துவிட்டு மாடி கட்டினால் மக்கள் மூவருக்கும் பங்கு கிடைக்கும் என்று மூத்த மகன் பலமுறை சொல்லியிருந்தான்.

ஒருநாள் பழைய கட்டடங்களைப் பார்த்து வரைவதற்காக இளைஞர் சிலர் வந்தனர். தூண்களைத் தடவிப் பார்த்தனர். முற்றத்தில் நின்று வியந்தனர். விடைபெறும்போது அவர்களுள் ஒருவன், “ஐயா, இவ்வீட்டை இடித்துவிடாதீர்கள். இஃது ஊரின் செல்வம்” என்றான்.

முதியவர் புன்னகை செய்தார். “ஊரின் செல்வம் என்கிறாய், தம்பி. மழைக்காலத்தில் ஒழுகும்போது மட்டும் இஃது என் வீடாகிவிடுகிறதே!” என்றார்.

இளைஞன் மறுமொழி கூறவில்லை. கூறுவதும் எளிதன்று.

மாமல்லபுரத்து மக்கள் நெடுங்காலமாக எழுப்பி வருவதும் இதனோடு ஒத்த வினாவே. அங்கே பல்லவர் செதுக்கிய குடைவரைகளும் கற்றளிகளும் ஊரின் நடுவிலேயே உள்ளன. 1958ஆம் ஆண்டின் தொல்லியற் சட்டம் 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி, மத்திய அரசின் காப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை இசைவு பெற்றே எழுப்பலாம். எல்லைக்குள் முன்பே இருந்த பழைய வீட்டைச் செப்பனிடவும் இசைவு வேண்டும். சட்டத்தின் நோக்கம் நல்லதே. சிற்பத்தின் தோளை ஒட்டி நான்கு மாடி எழுந்தால் சிற்பம் எங்கே தெரியும்? எனினும், மகனுக்கு மணம் முடித்து மேலே ஓர் அறை கட்ட எண்ணுபவனுக்கு அந்த 100 மீட்டர் மிக நீண்ட தொலைவு.

தடை ஒன்றே பழமையைக் காத்துவிடுமா? சென்னை அண்ணாசாலையில் பாரத் காப்பீட்டுக் கட்டடம் என ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டு கட்டப்பட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்திற்கு உரியது. 2006ஆம் ஆண்டு அதனை இடிக்கத் தொடங்கியபோது, மரபுக் காவலர் உயர்நீதிமன்றத்தை நாடித் தடுத்தனர். 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கட்டடத்தைக் காக்குமாறே அமைந்தது. தீர்ப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள் அது செப்பனிடப்படாமலே நின்றது. சுவர்களில் அரசும் ஆலும் முளைத்தன. இடிக்கும் கையைச் சட்டம் பிடித்தது. பூசும் கையை யார் தருவது?

நம் முன்னோர் இவ்வகையில் தெளிவுடையவராயிருந்தனர். கோயிலில் நுந்தா விளக்கொன்று எரியவேண்டுமென விரும்பிய சோழர் காலத்தான், அங்ஙனமே எரிக்க என்று ஆணையிட்டு அமையவில்லை. நெய்க்காகத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தான். பூசைக்கு நிலம் விட்டவர்களுள் பலர், அந்நிலத்தை உரியவரிடம் விலைகொடுத்து வாங்கியதையும் கல்லில் வெட்டுவித்தனர். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரிலே பொறிக்கச் செய்தார். புதுமை செய்தற்கும் ஒரு முறை இருந்தது. காப்பதற்கு ஒரு பொருள்வழி இருந்தது.

அம்முறை இக்காலத்தும் இயலாததன்று. புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் தெருவில், திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட வீடுகளின் முகப்புகளைச் சில ஆண்டுகள் முயன்று செப்பனிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியும் இன்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனத்தின் உழைப்பும் அதற்குத் துணைநின்றன. செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்றது. மறுபகுதியை வீட்டுக்காரர் ஏற்றனர். 2008ஆம் ஆண்டு அத்தெரு யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் பரிசொன்றைப் பெற்றது. பரிசினும் பெரிது, உரிமையாளர் மனமொப்பிக் கைகோத்தமை.

இதனால் வீட்டுக்காரருக்கே எல்லா உரிமையும் உண்டென்பது கருத்தன்று. அவ்வாறு விட்டால், செட்டிநாட்டில் மாளிகைத் தூண்கள் பிரித்தெடுக்கப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் விலையாவதுபோலவே எங்கும் ஆகும். விற்ற தூண் மீளாது. சட்டத்தின் வழியன்றி ஒருவர் சொத்தைப் பறித்தலாகாது என்கின்ற அரசியலமைப்பே, நாட்டின் மரபைப் பேணுதல் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்றும் கூறுகின்றது. ஒவ்வொருவரின் கடமையாயின், திண்ணை வீட்டார் ஒருவர் மட்டும் அதனைச் சுமப்பது எங்ஙனம் பொருந்தும்?

திருமுல்லைவாயில் முதியவரும் அவர் மகனும் ஒருவாறு உடன்பட்டனர். “அப்பா, முன்கட்டை உங்களுக்காக விட்டுவிடுகிறேன், பின்கட்டில் மாடி கட்டிக்கொள்கிறோம்” என்றான் மகன். முற்றம் போயிற்று. திண்ணையும் தூண்களும் நின்றன. ஐப்பசி மழைக்குமுன் ஓடுகளை மாற்ற, முதியவர் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார்.

அடுத்த ஆண்டும் இளைஞர்கள் வந்தனர். முற்றத்தைக் காணாது வருந்தினர். தூணொன்றின் அடியிற் புதிதாய்க் கறையான் மண் ஏறியிருப்பதை முதியவர் அவர்களுக்குக் காட்டினார். சென்ற ஆண்டு பேசிய இளைஞன், பையைத் திண்ணைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, அம்மண்ணைக் கையாற் சுரண்டத் தொடங்கினான்.