உங்க வீட்டு ஃப்ரிட்ஜோட மாடல் நம்பர் என்ன?

எழுந்து போய்ப் பார்க்காம பதில் சொல்ல முடியுதா?

கம்பெனி பேர் சொல்லிடுவோம். கலர் சொல்லிடுவோம். "கல்யாணத்துக்கு மாமா வாங்கிக் கொடுத்தது" என்று வரலாறும் சொல்லிடுவோம். மாடல் நம்பர் மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரு டாக்டருக்கு ஃப்ரிட்ஜ்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இன்சுலின் போடுற ஒருத்தர் இருக்கிற வீட்டுல ஃப்ரிட்ஜ் வெறும் அடுப்படிச் சாமான் இல்லைங்க. அது மருந்து அலமாரி. அது கெட்டா மருந்து கெடும். மருந்து கெட்டா என்ன ஆகும்னு நாங்க அவசர சிகிச்சைப் பிரிவுல பார்த்துக்கிட்டே இருக்கோம்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டுல சுகர் பேஷண்ட் யாரும் இல்லைன்னாலும் படிங்க, உங்க பர்ஸுக்கு நல்லது.

1.

காரங்காடு பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல, கிழக்கு கடற்கரைச் சாலையில இருந்து கடல் பக்கமா திரும்பினா வர்ற மீனவ கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகுச் சவாரி நடத்துற ஊர். போனவங்க அங்க சாப்பிட்ட நண்டையும் கணவாயையும் மறக்க மாட்டாங்க.

அந்த ஊர்ல இருந்து ஒரு ஐயா என் ஓ.பி.க்கு வர்றவர். வயசு ஐம்பதைத் தாண்டியவர். பல வருஷமா இன்சுலின். ஊசி போடுறதுல தப்பே வராது, அவ்வளவு ஒழுங்கு. ஒரு மாசம் வந்தப்ப சுகர் 380. சாப்பாடு மாறல. டோஸ் மாறல. காய்ச்சல் இல்ல, கால்ல புண் இல்ல. மகள் கூடவே வந்திருந்தாங்க. "ஒரு நேரம் கூட ஊசி விட்டதில்ல சார்" என்றாங்க.

டோஸை ஏத்தத் தோணுற இடம் இதுதான். ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு. "பாட்டிலை எங்க வைக்கிறீங்க?"

மறுநாள் பாட்டிலைக் கொண்டு வந்தாங்க. அவர் போடுறது பால் மாதிரி வெள்ளையா இருக்கிற கலவை இன்சுலின். உள்ளங்கையில வச்சு உருட்டினா ஒரே சீரா கலங்கணும். இது கலங்கல. துகள் துகளா திரிஞ்ச பால் மாதிரி நின்னுச்சு. பாட்டிலோட உள்சுவர்ல பொடி ஒட்டியிருந்துச்சு.

உறைஞ்சு போய் மறுபடி உருகின இன்சுலின். அதுல முழு வீரியம் இருக்காது.

இதோட ஆபத்து எங்க இருக்குன்னு பாருங்க. கெட்ட மருந்துன்னு தெரியாம டோஸை ஏத்திட்டோம்னு வைங்க. அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில புதுசா, நல்ல பாட்டில் கிடைக்கும். அந்த ஏத்தின டோஸை நல்ல மருந்துல போட்டா சுகர் தடாலடியா இறங்கும். ராத்திரி தூக்கத்துல இறங்கினா ஆள் எழுந்திருக்காமலே போகலாம். சுகர் ஏறினதை விட இதுதான் எனக்கு பயம்.

புது பாட்டில் கொடுத்து, பழைய டோஸையே போடச் சொல்லிட்டு, மகள்கிட்ட கேட்டேன். "ஃப்ரிட்ஜ் எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப நல்லா கூலிங் ஆகுது சார். தண்ணி பாட்டில் கூட கட்டியாயிடுது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு கேஸ் ஏத்தணும், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்னு சொல்லிருக்கார்."

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேஸ் குறைஞ்சா குளிர் குறையும். குளிர் கூடினதுக்கு எதுக்கு கேஸ்? ரத்தம் அதிகமா இருக்கிறவருக்கு ரத்தம் ஏத்துறேன்னு சொல்ற மாதிரி இருக்கு.

"ஃப்ரிட்ஜ்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றேன்.

2.

அந்த ஸ்டிக்கர் பத்திதான் இந்தப் பதிவே.

எங்க இருக்கும்? பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்கு உள்ளே, பக்கச் சுவர்ல, காய்கறிப் பெட்டிக்கு மேலயோ பின்னாலயோ. இல்லைன்னா வெளியே பின்பக்கம், கீழே கம்ப்ரஸர் பக்கத்துல. முன் கதவுல ஒட்டியிருக்கிற நட்சத்திர ஸ்டிக்கர் வேற. அது மின்சாரச் செலவைச் சொல்றது. அதுலயும் மாடல் பேர் இருக்கும். ஆனா முழு ஜாதகம் உள்ளே இருக்கிற ஸ்டிக்கர்லதான்.

அதை எப்படிப் படிக்கணும்?

மாடல் நம்பர்: எந்த வகை ஃப்ரிட்ஜ், எத்தனை லிட்டர், எந்த உதிரிபாகம் பொருந்தும்னு சொல்றது. ஒரே கம்பெனி, ஒரே கலர், ஒரே உயரம் இருந்தாலும் ஒரு எழுத்து மாறினா உள்ளே இருக்கிற பாகம் மாறலாம்.

சீரியல் நம்பர்: உங்க ஃப்ரிட்ஜுக்கு மட்டும் உள்ள எண். தயாரான வருஷம், மாசம் பெரும்பாலும் இதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். வாரண்டி இருக்கா இல்லையான்னு கம்பெனி பார்க்கிறது இதை வச்சுத்தான்.

கேஸ் வகையும் அளவும்: ஆர்134ஏ அல்லது ஆர்600ஏ என்று இருக்கும், பக்கத்துல எத்தனை கிராம்னும் இருக்கும். இதை ரெண்டு தடவை படிங்க. ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கும் வாயு. சமையல் கேஸோட சொந்தக்காரன். அளவு ரொம்பக் குறைவா இருக்கிறதால சாதாரணமா ஆபத்து இல்ல. ஆனா ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை ஏத்தக் கூடாது. ஆர்600ஏ தேவைப்படுற எடை, ஆர்134ஏ தேவைப்படுறதுல ஏறத்தாழ பாதிதான். எடை போடாம கண் மதிப்புல ஏத்துறவர்கிட்ட ஃப்ரிட்ஜைக் கொடுக்காதீங்க. உள்ளே கேஸ் இருக்கும்போதே நெருப்பு வச்சு பத்த வைக்கிறவர்கிட்ட வீட்டையே கொடுக்காதீங்க.

தட்பவெப்ப வகுப்பு: ஆங்கில எழுத்து 'டி' இருந்தா சுற்றுப்புறம் 43 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்படி செஞ்சது. 'எஸ்டி'ன்னா 38 வரை. 'என்'னா 32 வரை. நம்ம ராமநாதபுரம் சித்திரை வெயிலுக்கு எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

வோல்டேஜ்: எவ்வளவு மின் அழுத்தத்துக்குச் செஞ்சதுன்னு இருக்கும். ஸ்டெபிலைசர் தேவையான்னு முடிவு பண்ண இது உதவும்.

எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே கதைதான். ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல தடுப்பூசி வைக்க ஐ.எல்.ஆர். என்று ஒரு பெட்டி இருக்கு. சுவர் முழுக்க ஐஸ் கட்டி நிற்கும். 24 மணி நேரத்துல 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே 2 முதல் 8 டிகிரியைக் காப்பாத்திக்கும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை வெப்பநிலை எழுதி வைப்போம். அது பழுதானா டெக்னீஷியன் கேட்கிற முதல் கேள்வி "மாடல் என்ன, சீரியல் என்ன?" என்பதுதான். "கூலிங் இல்ல சார்" என்பது அடுத்த பேச்சு. நீங்க ஓ.பி. சீட்டு இல்லாம வந்தா நாங்க முழிக்கிற மாதிரிதான், அந்த நம்பர் இல்லாம அவரும் முழிப்பார்.

3.

மகள் போட்டோ அனுப்பினாங்க. ஒத்தைக் கதவு, டைரக்ட் கூல் வகை, ஆர்600ஏ கேஸ்.

டைரக்ட் கூல்னா உள்ளே ஃபேன் இல்ல. மேல் ஃப்ரீஸர் பெட்டி குளிரும், குளிர் காத்து தானா கீழே இறங்கும். எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு கம்ப்ரஸருக்குச் சொல்றது தெர்மோஸ்டாட். அதுல இருந்து ஒரு மெல்லிய குழாய் போய் ஃப்ரீஸர் பெட்டியைத் தொட்டுக்கிட்டு இருக்கும். குளிரை உணர்ற விரல் அது. அந்த விரல் இடம் மாறிட்டாலோ, தெர்மோஸ்டாட் உள்ளே ஒட்டிக்கிட்டாலோ "இன்னும் குளிரல, ஓடு ஓடு" என்று சொல்லிக்கிட்டே இருக்கும். கம்ப்ரஸர் நிக்கவே நிக்காது. தண்ணி கட்டியாகும். இன்சுலினும் கட்டியாகும்.

"ஃப்ரிட்ஜ் எப்பவாவது சத்தம் அடங்கி நிக்குதாம்மா?"

"இல்ல சார், ராப்பகலா ஓடுது."

மாடல் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டர்ல பேசினாங்க. அந்த மாடலுக்கான தெர்மோஸ்டாட்டோட வேற ஒருத்தர் வந்து மாத்திட்டுப் போனார். கேஸுக்குக் கேட்ட தொகையில கால்வாசி கூட ஆகல. பழைய டோஸ்லயே, புது பாட்டில்ல, ஐயாவோட சுகர் பழைய நிலைக்கு வந்துச்சு.

4.

மெக்கானிக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நீங்களே பார்க்க வேண்டியவை:

எதுவுமே ஓடல, லைட்டும் எரியல: முதல்ல பிளக் பாயிண்ட்டைப் பாருங்க. அதே பாயிண்ட்ல வேற ஒரு சாமானைப் போட்டுப் பாருங்க.

லைட் எரியுது, ஆனா கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'டிக்' சத்தம் வந்து நின்னுடுது: கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து முடியாம நிக்குது. குறைஞ்ச வோல்டேஜ், அல்லது ரிலே, ஓவர்லோடு போன்ற சின்ன பாகம். எடுத்த எடுப்புல "கம்ப்ரஸர் போச்சு"ன்னு சொன்னா, இதையெல்லாம் பார்த்தாரான்னு கேளுங்க.

ஓடிக்கிட்டே இருக்கு, குளிர் இல்ல, ஃப்ரீஸர்ல ஒரு மூலையில மட்டும் பனி: இங்க கேஸ் கசிவை சந்தேகப்படலாம். கசிவை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான்.

ரெண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மேலே குளிருது, கீழே குளிரல: உள்ளே பனி அடைச்சுக்கிட்டிருக்கலாம், ஃபேன் நின்னிருக்கலாம். பனியை உருக்குற ஹீட்டர், சென்சார் இதையெல்லாம் பார்க்கணும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், லைட் விட்டுவிட்டு மின்னுது: எத்தனை தடவை மின்னுதுன்னு எண்ணுங்க. அதோட அர்த்தம் மாடலுக்கு மாடல் மாறும். மொபைல்ல வீடியோ எடுத்து வச்சுக்குங்க. இந்த வகைக் கம்ப்ரஸருக்கு பழைய பழக்கத்துல நேரடி கரண்ட் கொடுத்து சோதிக்க விடாதீங்க, கெட்டுப் போயிடும்.

கதவு ரப்பர்: ஒரு தாளை வச்சு கதவைச் சாத்தி இழுங்க. சுலபமா வந்தா அந்த இடத்துல ரப்பர் பிடிக்கல. சோப்புத் தண்ணியில துடைங்க, அப்புறமும் சரியாகலைன்னா மாத்துங்க.

கட்டைத் திருப்பி வைக்கிற நம்பர்: 1 முதல் 7 வரை இருக்கிறது டிகிரி இல்லைங்க. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்ல நம்பர் கூடக் கூட குளிர் கூடும். வெயில் காலத்துல 7ல வச்சுட்டு ஐப்பசி அடைமழையிலயும் அப்படியே விட்டா உள்ளே உறையும்.

கடற்கரை ஊர்க்காரங்களுக்குத் தனியா ரெண்டு விஷயம். உப்புக் காத்து பின்பக்கக் கம்பிகளையும் குழாய் இணைப்புகளையும் அரிக்கும். பிளக்கைக் கழட்டிட்டு மாசம் ஒரு தடவை உலர்ந்த துணியால துடைங்க, சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க. எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. ஈரத் தரையில வெறுங்காலோட ஃப்ரிட்ஜைத் தொட்டு ஷாக் அடிச்சா அது பழுது இல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஃப்ரீஸர்ல ஐஸ் கட்டினா கத்தியால குத்தாதீங்க. அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்ளதான் கேஸ் ஓடுது. ஒரு குத்து, ஃப்ரிட்ஜ் காலி.

5.

இனி என் ஏரியா.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில இருக்கணும். நடுத்தட்டுல, ஒரு சின்ன டப்பாவுக்குள்ள வைங்க. ஃப்ரீஸர்லயும், ஃப்ரீஸருக்கு ஒட்டின தட்டுலயும் வைக்கக் கூடாது. கதவுல வச்சா திறந்து மூடுறப்பெல்லாம் சூடு மாறும்.

திறந்த பாட்டிலை 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாம வச்சா பொதுவா நாலு வாரம் வரை பயன்படுத்தலாம். திறந்த தேதியை பாட்டில் மேல பேனாவால எழுதுங்க.

ஒரு தடவை உறைஞ்சதுன்னு தெரிஞ்சா, உருகின பிறகு பார்க்க நல்லா இருந்தாலும் போடக் கூடாது. அரசு மருத்துவமனையில இலவசமாத்தான் கொடுக்கிறோம். வந்து சொல்லுங்க, மாத்திக்குங்க. யாரும் திட்ட மாட்டாங்க.

மீன்பிடி ஊர்கள்ல இன்னொரு பழக்கம் பார்க்கிறேன். ஐஸ் வச்சா எதுவும் கெடாதுன்னு ஒரு நம்பிக்கை. மீனுக்கு அது சரி. இன்சுலினை ஐஸ் பெட்டியில ஐஸ்மேல போட்டுக்கிட்டு பஸ்ல போறது தப்பு. துணியில சுத்தி, டப்பாவுக்குள்ள வச்சு, ஐஸ் நேரடியா படாம எடுத்துட்டுப் போங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடா? கவலை வேண்டாம். பெரிய மண்பானைக்குள்ள சின்ன மண்பானை, நடுவுல மணல், மணல்ல தண்ணி. நிழல்ல, காத்தோட்டமா வைங்க. பாட்டிலை நனையாம பிளாஸ்டிக் பையில போட்டு உள்ளே வச்சு மூடுங்க. தண்ணி ஆவியாகுறப்ப உள்ளே குளிரும்.

புயல் நேரத்துக்கும் இது உதவும். 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தப்ப எத்தனையோ கிராமங்கள் நாள் கணக்குல இருட்டுல கிடந்துச்சு. கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க. மூடியே இருந்தா சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதுக்கு மேல போனா மீன், கறியை நம்பாதீங்க. குறிப்பா சூரை, அயிலை, மத்தி. குளிர் விட்டுப் போனா இதுல ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலை வலிச்சு, உடம்பெல்லாம் தடிச்சு வருவாங்க.

6.

இப்ப எழுந்து போங்க. மூணே வேலை.

ஸ்டிக்கரை மொபைல்ல போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. பத்து வருஷம் ஆனா அந்த எழுத்து அழிஞ்சு போகும், போட்டோ அழியாது.

ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டுல ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள வச்சு காலையில பாருங்க. 2க்கும் 8க்கும் நடுவுல இருந்தா நிம்மதியா தூங்கலாம்.

வீட்டுல இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் காரணமில்லாம ஏறினா, நீங்களா டோஸை ஏத்தாதீங்க. பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க.

தெரிஞ்சவங்க வீட்டுல யாராவது இன்சுலின் போட்டா அவங்களுக்கு இதைப் பகிருங்கள்.