மலைக்குப் போறதுக்கு முதல்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. ஆனாலும் எங்கட பிள்ளையளிட்ட ஒரு தாளும் கலர்ப் பென்சிலும் குடுத்தால், இரண்டு முக்கோண மலை, நடுவில சூரியன், அதுக்குள்ளால இறங்கி வாற ஆறு என்றுதான் கீறுவார்கள். நாங்களும் அந்த வயதில் அதைத்தான் கீறினோம். எங்களுக்குக் கீறக் காட்டித் தந்தவர்களும் அதைத்தான் கீறியிருப்பார்கள். அந்த மலையில் ஓர் ஆளைக் கீறின பிள்ளையை மட்டும் நாங்கள் இன்னும் காணவில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு மூன்று குடும்பம் சேர்ந்து மலைநாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். பெரியாக்கள் ஏழு, பிள்ளையள் ஆறு. மூத்தவனுக்கு 12 வயது, கடைக்குட்டிக்கு 3. எழுபதைத் தாண்டின பெரியம்மாவும் முழங்கால் நோவோடு வாறதாகச் சொன்னா. வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, இளசுகள் நாங்கள் திட்டம் போடுகிற வேலையை எடுத்துக்கொண்டோம். பிள்ளையளோட மலைக்குப் போக நினைக்கிற ஆக்களுக்கு உதவும் என்பதால் அந்தத் திட்டத்தையும், அதில் நாங்கள் கடைசி மட்டும் இழுபட்ட ஒரு விசயத்தையும் இங்கே எழுதுகிறோம்.

முதல் பிரச்சினை திகதி. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் பெரியம்மா ஊரை விட்டு அசைய மாட்டா. தீர்த்தமும் முடிந்து, பள்ளிக்கூடம் தொடங்கும் வரைக்கும் எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே நாள்.

இரண்டாவது மழை. மலைநாடு முழுக்க ஒரே காலநிலை என்று நினைக்கக் கூடாது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசுகிற தென்மேல் பருவக்காற்று அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில் மலையின் மற்றப் பக்கம் இருக்கிற அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எல்லாம் வெயிலில் காயும். வருடக் கடைசியில் இது மறுவளமாக மாறும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். சனமும் கூட, அறை வாடகையும் கூட. ஆகவே ஓகஸ்ட் என்றால் கூடுதலான நாளை எல்லப் பக்கம் வைப்பதுதான் புத்தி.

மழையோடு சேர்த்து மண்சரிவையும் யோசிக்க வேணும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் டீவியில் பார்த்தவர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேசம் பிரித்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். போற பாதையில் சிவப்பு என்றால் பயணம் இல்லை, அதில் வாக்குவாதமும் இல்லை என்று முதல் நாளே குழுவில் எழுதி வைத்தோம். ஹொட்டேலுக்குக் கட்டின முற்பணத்தை நினைத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது.

மூன்றாவது வாகனம். ஏ9இல் கண்டி மட்டும் 300 கிலோமீற்றருக்கும் மேல். அதை வானில் ஓடி, இரவு கண்டியில் தங்கி, அங்கிருந்து ரயிலில் ஏறுவதென்று முடிவு. வானை சாமான்களோடு றோட்டால் அனுப்பிவிடலாம். மலை றோட்டு வளைவில் பிள்ளையள் சத்தி எடுக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். காலையில் பால் குடுக்க வேண்டாம். காய்ந்த பிஸ்கற், இஞ்சி, ஒரு தேசிக்காய், நாலைந்து பை போதும். ரயில் ஆசனத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேணும். தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும்.

நாலாவது குளிர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. எங்கட ஊர் வெக்கையில் பழகின பிள்ளைக்கு அது பெரிய மாற்றம். அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், சோறு அவிய நேரம் எடுக்கும் என்று சொன்னதும் 12 வயதுக்காரன் தேர்மாமீற்றர் கொண்டுவரப் போறன் என்று நின்றான்.

ஹோட்டன் சமவெளியைப் பட்டியலிலிருந்து வெட்டினோம். உலக முடிவைச் சுற்றி வர 9 கிலோமீற்றர் நடக்க வேணும். முகில் மூட முதல் போறதென்றால் இருட்டோடு பிள்ளையளை எழுப்ப வேணும். மூன்று வயதுக்கும் முழங்கால் நோவுக்கும் அது சரிவராது. ஒரு நாளைக்கு ஓர் இடம், பின்னேரம் விளையாட்டு. இதுதான் விதி.

எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில்தான் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பினது அண்ணாவின் மகள், ஏழு வயது. "எங்கட அம்மாயி வீடும் மலையிலதானே இருக்கு. அங்க எப்ப போறம்?"

அண்ணா பெரியம்மாவின் மகன். மச்சாள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, ஆசிரியராகி வந்தவ. மற்றப் பிள்ளையள் அம்மம்மா என்று சொல்ல, இவள் அம்மாயி என்பாள். கலியாணம் முடிந்து எட்டு வருடம். மச்சாளின் அம்மா யாழ்ப்பாணம் வந்தது கலியாணத்துக்கு மட்டும்தான். பெரியம்மா ஒருநாளும் அங்கே போனதில்லை.

"ரயில் தலவாக்கலையாலதானே போகுது. நானுஓயாவுக்கு முதல் அங்கயே இறங்குவம்" என்று நாங்கள் எழுதினோம். மச்சாள் ஒன்றும் எழுதவில்லை. பெரியம்மா போன் எடுத்தா. "அந்தச் சனத்துக்கு ஏன் பிள்ளை கரைச்சல்? 13 பேரும் போய் எங்க இருக்கிறது? ஒரு பிளேன்ரீ குடிக்கவோ இவ்வளவு தூரம்?" பிறகு ஒரு சொல் சொன்னா. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். அதை இங்கே எழுதாமல் விடுகிறோம். அந்தச் சொல்லைப் பிள்ளையளுக்கு முன்னால் சொல்லக் கூடாது என்றோம். "ஓ, இப்ப நீங்கள் எனக்குப் படிப்பிக்கிறியளோ?" என்று போனை வைத்தா.

எங்களுக்கு இதில் ஒரு தெளிவு இருந்தது. பிள்ளையள் அருவியை மறந்துபோவார்கள், ஹொட்டேலை மறந்துபோவார்கள். ஆனால் வானுக்குள் பெரியாக்கள் வெளியே பார்த்து யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மறக்க மாட்டார்கள். அதுவும் அந்த ஏழு வயதுக்காரி, தன்ட அம்மாயியைத்தான் சொல்லுகினம் என்று ஒருநாள் விளங்கிக்கொள்வாள். ஐந்து நாளில் அரை நாள் அந்த வீட்டுக்கு. இல்லையென்றால் பயணமே வேண்டாம் என்று எழுதினோம். இரண்டு நாள் குழு அமைதி. மூன்றாம் நாள் பெரியம்மா கேட்டா: "அவைக்கு என்ன கொண்டுபோறது?" பனங்கட்டி, ஒடியல், நல்லெண்ணெய், கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் அதுவும் என்று பட்டியல் நீண்டது.

ஏ9இல் போகும்போது மூத்தவனுக்குக் கதை சொன்னோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை மட்டும் நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் கனபேர். முதலில் கோப்பி, பிறகு 1867 தொடக்கம் தேயிலை. 1948இல் வந்த சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இருநூறு வருட நினைவுக்காக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. "நாங்கள் வானில வந்தே களைச்சுப் போனம்" என்றான் அவன்.

தலவாக்கலையில் தூறல். மச்சாளின் அம்மா வாசலிலேயே நின்றா. "வாங்க சம்மந்தி, வாங்க. புள்ளைங்க நனையுது, உள்ள வாங்க." லயத்து வீடுதான், முன்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள். சுடச்சுட கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், லீக்ஸ் கறி. 13 பேருக்கும் இடம் இருந்தது. பிள்ளையள் அடுப்படியை விட்டு எழும்பவேயில்லை.

தேயிலைக்குள் நின்று கொழுந்துக் கூடை மாட்டிப் படம் எடுக்க வேணும் என்று எங்களில் ஒருத்திக்கு ஆசை. வாடகைக்கு உடுப்பும் கூடையும் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. மச்சாள் மெதுவாகச் சொன்னா: "அம்மாவுக்குக் கழுத்து நோ. அந்தக் கூடையாலதான்." அதோடு அந்த யோசனை போய்விட்டது. நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்பதற்காகவே வருடக்கணக்காய்ப் போராடி, அது 2021இல்தான் கிடைத்தது என்பதையும் அங்கே இருந்துதான் பேசினோம்.

பிறகு, தேத்தண்ணி ஊத்தும்போது அம்மாயி சாதாரணமாகச் சொன்னா: "நான் சின்னதுல யாழ்ப்பாணத்துல இருந்திருக்கேன் சம்மந்தி. பஞ்சம் வந்திச்சே, எழுபத்து நாலுல. அப்ப ஒரு வாத்தியார் வீட்டுல விட்டாங்க. ஒம்பது வயசு. மூணு வருசம் இருந்தேன்."

வீட்டு வேலைக்கு. அதை ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் விளங்கியது. மச்சாளுக்கு முதலே தெரியும். எங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவின் சின்ன வயதில் அவவின் வீட்டிலும் மலைநாட்டுப் பிள்ளை ஒன்று நின்றதைப் பழைய கதைகளில் கேட்டிருக்கிறோம்.

"எந்த ஊரில?" என்று பெரியம்மா கேட்டா.

"பேரு ஞாபகம் இல்ல. பெரிய கிணறு இருந்திச்சு. தண்ணி அள்ளி அள்ளி கையெல்லாம் காச்சுப் போச்சு."

பெரியம்மா பேசாமல் இருந்தா. கொஞ்ச நேரத்தால எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பிள்ளையள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவத் தொடங்கினா. அம்மாயி வேண்டாம் என்று மறித்தா. பெரியம்மா கேட்கவில்லை.

அடுத்த நாள் நானுஓயாவில் ரயில் ஏறினோம். 1,891 மீற்றர் உயரத்தில் பட்டிப்பொல. அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போகும்போது மழை, வெளியே வந்தால் வெயில். பிள்ளையள் கத்தின கத்தலில் பெட்டியே சிரித்தது. அப்புத்தளைக்குக் கிட்ட, மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் கண்டு ஏழு வயதுக்காரி கையைக் காட்டினாள். ஒருவர் திரும்பிக் கை காட்டினார். "ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டான் கடைக்குட்டி. பெரியம்மாதான் பதில் சொன்னா: "எங்கட ஆக்கள்."

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் மாறிவிட்டது என்று நாங்கள் எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்து கன நாளாகியும் அந்த வாத்தியார் வீட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. ஆனால் வட்ஸ்அப் குழுவை இன்னும் கலைக்கவில்லை. டிசெம்பர் விடுமுறைக்கு அம்மாயி யாழ்ப்பாணம் வாறா. கீரிமலை பார்க்க வேணுமாம். எங்கே தங்குவது என்று கேட்டிருந்தோம். பெரியம்மா எழுதியிருக்கிறா: "என்ர அறையில."

நீங்களும் பிள்ளையளோட மலைக்குப் போறதென்றால் சுவெற்றர், இஞ்சி, ரயில் ரிக்கற் எல்லாம் பட்டியலில் போடுங்கள். அதுக்கு முதல், வானில் வாற பெரியாக்களோட ஒருக்கால் இருந்து கதையுங்கள்.