கெண்டைக்கால் வலிக்குள்ள ஒரு சென்சார்

பௌர்ணமி அன்னிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? 14 கிலோமீட்டர், செருப்பில்லாத நடை. அடுத்த முறை போகும்போது, பாதையோரம் உட்கார்ந்திருக்கிற பெரியவங்களைக் கவனிங்க. சிலர் கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவாங்க. சில நிமிஷத்துல வலி போயிடும். எழுந்து நடப்பாங்க, கொஞ்ச தூரத்துல அதே இடத்துல மறுபடியும் வலி. "வயசாச்சு இல்ல"ன்னு நாமளும் விட்டுடுறோம்.

ஆனா அது வயசு மட்டும் இல்லாம இருக்கலாம். காலுக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருந்தா, சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம் போதும், நடக்கும்போது பத்தாது. ஆக்சிஜன் பத்தாத தசை, அது இல்லாமலேயே சக்தி தயாரிக்கப் பார்க்கும். லாக்டேட் சேரும், அமிலம் கூடும், பிஎச் 7.4-லிருந்து 7 பக்கமா இறங்கும்.

வலி நரம்போட முனையில ஏசிக்-3ன்னு ஒரு அயன் சேனல் இருக்கு. அதுக்கு ஆக்சிஜனை நேரடியா அளக்கத் தெரியாது, அமிலத்தைத்தான் தெரியும். பிஎச் கொஞ்சம் இறங்கினாலே சேனல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், மூளைக்கு சிக்னல் போகும். லாக்டேட், சுத்தியிருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிறதால இந்தச் சேனல் இன்னும் சுலபமா திறக்குதுன்னு 2001-இல் இம்கே, மெக்ளெஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. அவங்க சோதிச்சது இதயத்துக்குப் போற நரம்பு செல்களை! மாரடைப்பு வலிக்கும் கால் வலிக்கும் அடிப்படை ஒண்ணுதான். கால் குழாய் அடைச்சவங்களுக்கு இதயக் குழாயும் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம்.

ரொம்ப நாள் சர்க்கரை நோய் இருக்கிறவங்க கதை வேற. அவங்களுக்கு அந்த நரம்பே செத்துப் போயிருக்கலாம். கால்ல கொப்புளம் வந்தாக்கூடத் தெரியாது. சென்சார் போயிட்டா டிஸ்ப்ளேல எர்ரர் வராது, அவ்வளவுதான். வலி இல்லைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

அதனால வீட்டுல சிகரெட் பிடிக்கிறவங்க, சர்க்கரை உள்ளவங்க இருந்தா ரெண்டே கேள்வி கேளுங்க: "நடந்தா வலிக்குதா? நின்னா போயிடுதா?" ரெண்டுக்கும் ஆமான்னா, வலி மாத்திரையோட நிறுத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கையிலயும் கணுக்கால்லயும் பிபி பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால வகுப்பாங்க. 0.9-க்குக் கீழ வந்தா குழாய் சுருங்கியிருக்குன்னு அர்த்தம். ஊசி கூடக் கிடையாது, வெறும் ஒரு வகுத்தல் கணக்கு.